மனப்பாட வசனத்துக்கு அப்புறம்

சாத்தான்குளம் பக்கத்துக் கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்களில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட பைபிளின் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடும். அது நல்லதுதான். சின்ன வயதில் நெஞ்சில் பதிந்தது தள்ளாத வயதிலும் கைகொடுக்கும். ஆனால் வசனம் தெரிந்த பிள்ளைக்கு ஜெபிக்கவும் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. தலைமையாசிரியையாக இருந்தபோது, பிள்ளைகளைப் பக்தியில் வளர்ப்பது பற்றிப் புதிதாக வேலைக்குச் சேரும் டீச்சர்களுக்கு நான் சொல்லிவந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெற்றோரிடம் பேசுங்கள். மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு ஊர் ஊராகத் தொடங்கிய பள்ளிக்கூடங்களின் வழியில் வந்தவை நம்முடையவை. எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அரசு உதவி பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை வேதபாடத்துக்கோ ஆராதனைக்கோ உட்காரவைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மரியாதை அதுதான். சேர்க்கையின்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் அந்த நேரத்தில் கதைப்புத்தகம் கொடுங்கள்; வராந்தாவில் சும்மா நிறுத்திவைக்காதீர்கள். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் திருநீற்று நெற்றியும் புது வளையலுமாக வருகிறவளிடம், “கொடைக்கு யாரெல்லாம் வந்தாவ?” என்று ஆசையாகக் கேளுங்கள். அவள் வீட்டுப் பக்தியை இளக்காரம் பண்ணிவிட்டு நாம் கடவுளின் அன்பைப் பற்றிப் பேசினால் எந்தப் பிள்ளையும் நம்பாது.

காலை ஜெபத்தை அமைதியில் தொடங்குங்கள். “சத்தம் போடாதே” என்று அதட்டி வருவது அமைதி இல்லை. பள்ளி மணியாகத் தொங்குகிற தண்டவாளத் துண்டை ஒரே ஒரு தட்டு தட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஓசை முழுக்க அடங்கியதும் விரலை உயர்த்தச் சொல்லுங்கள். ரீங்காரம் தேய்ந்து தேய்ந்து போக, பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். கடைசி விரல் உயரும் வரை காத்திருங்கள். அப்புறம் ஒரு பிள்ளை ஜெபிக்கட்டும், அதன் சொந்தப் பேச்சிலேயே. “எங்க ஆச்சிக்கு முட்டுவலி போகணும்” என்பது முழு ஜெபம். கோயிலில் பெரியவர்கள் ஜெபிக்கிற நடையில் அதைத் திருத்தப் போகாதீர்கள். பேச விரும்பாத பிள்ளையை விட்டுவிடுங்கள்.

கதை சொல்லும்போது மெதுவாகப் போங்கள். இயேசு சொன்ன காணாமற்போன ஆட்டின் கதைக்கு நம் ஊரில் படம்கூட வேண்டாம். உடைமரத்து நெத்துக்கு ஆசைப்பட்டு மந்தையை விட்டுப் போகிற ஆட்டைத் தேரி மணலில் தேடி அலைந்த பிள்ளைகள் வகுப்பிலேயே இருப்பார்கள். அவர்களை முதலில் பேசவிடுங்கள். கதை முடிந்ததும், “இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?” என்று கேட்காதீர்கள், கேட்டால் “கீழ்ப்படிய வேண்டும் டீச்சர்” என்று கோரஸாக வரும், அத்தோடு கதை செத்துவிடும். “உனக்கு எந்த இடம் பிடிச்சிருக்கு?” என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். என் வகுப்பில் ஒருவன், “ஆடு கிடைக்கலைன்னா மேய்ப்பர் எப்ப வீட்டுக்குத் திரும்புவாரு?” என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: “திரும்பமாட்டாரு. எங்க தாத்தா டார்ச்ச எடுத்துட்டுப் போவாவ.” அதற்கு மேல் நான் என்ன விளக்கம் கொடுக்க?

பயங்காட்டிப் பக்தி வளர்க்க வேண்டாம். “பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்” என்கிற பேச்சே வகுப்பில் எழக் கூடாது. பைபிள் வசனத்தைத் தண்டனையாக நூறு தடவை எழுத வைப்பதும் அப்படித்தான்.

கடினமான கேள்வி ஒருநாள் வந்தே தீரும். பனையேறப் போன அப்பா விழுந்து இறந்துவிட்டார். “எல்லாரும் ஜெபம் பண்ணுனோமே டீச்சர், ஏன்?” என்று கேட்கிறது பிள்ளை. “ஆண்டவருக்குப் பிடித்தவர்களை அவர் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அம்மாவையும் எடுத்துக்கொள்வாரோ என்று அது ராத்திரியெல்லாம் பயந்து கிடக்கும். “எனக்கும் தெரியல மக்கா. சிநேகிதன் லாசரு செத்தப்போ இயேசுவும் அழுதாரு” என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். பல வாரம் கழித்துத் திரும்பவும் கேட்கும், அப்போதும் உட்காருங்கள்.

இன்னொன்று, கையால் செய்யும் பணிவிடை. ஊரில் அசனப் பண்டிகை என்கிற சபை விருந்து வந்தால், சாதி பாராமல் எல்லாரும் உட்காரும் பந்தியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துவிடுங்கள். வயதானவர்களின் டம்ளர் காலியாகிறதா என்று பார்த்துப் பார்த்து ஊற்றும்போது, நாம் ஒரு வருடம் வேதபாடத்தில் சொன்னது அவர்களுக்குப் பிடிபடும். அசனம் இல்லாத மாதங்களில் மதியச் சாப்பாட்டுப் பந்தியே போதும். ஒன்றாம் வகுப்புக்குத் தட்டு எடுத்து வைக்கவும், சிந்தியதைத் துடைக்கவும் முறைவைத்துப் பெயர் எழுதி ஒட்டுங்கள். அந்தப் பட்டியலில் ஆண்பிள்ளைகள் பெயரும் சரிபாதி இருக்கட்டும்.