ஏரியை விட்டுப் படகை எடுக்கும்போது: வரிக்குதிரை மட்டி கூடவே வராமல் தடுக்கும் முறை

ஒன்ராறியோவில் ஒரே கோடையில் பல ஏரிகளுக்குப் படகை இழுத்துச் செல்பவர்கள் நம்மவரிலும் இப்போது பெருகிவிட்டார்கள். சனிக்கிழமை சிம்கோ ஏரியில் மீன் பிடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வடக்கே ஒரு சிறிய ஏரியில் அதே படகை இறக்குவது அவர்களுக்கு இயல்பான காரியம். இந்த இரண்டு நாள்களுக்கு நடுவே படகுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கு சொல்லப்படுவது. வரிக்குதிரை மட்டியும் அதன் உறவான குவாகா மட்டியும், ஒன்றோடொன்று நீர்த்தொடர்பு இல்லாத ஏரிகளுக்கு இடையே பெரும்பாலும் நம் படகுகளோடும் மீன்பிடிக் கருவிகளோடுமே பயணம் செய்கின்றன.

கருங்கடல், கஸ்பியன் கடல் வட்டாரத்து நீர்நிலைகளைச் சேர்ந்த வரிக்குதிரை மட்டி, சரக்குக் கப்பல்கள் நிலை தளும்பாமல் இருக்க நிரப்பிக்கொண்டு வரும் நீரோடு வட அமெரிக்காவை அடைந்து, 1988 இல் சென் கிளேயர் ஏரியில் முதலில் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே ஈரி ஏரியில் குவாகா மட்டி தென்பட்டது. 2013 இல் வரிக்குதிரை மட்டி மனிற்றோபாவின் வின்னிபெக் ஏரி வரை போய்விட்டது. ஒரு பெண் மட்டி ஆண்டுக்குப் பத்து இலட்சம் வரை முட்டையிடக்கூடியது. வளர்ந்த மட்டி ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஒரு லீற்றர் வரை நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்டுவிடும். அதனால் ஏரி நீர் பளிங்குபோல் தெளிவதைக் கண்டு சிலர் மகிழ்வதுண்டு. ஆனால் அந்தத் தெளிவு, மீன்குஞ்சுகளின் உணவு பறிபோனதன் அடையாளம். சூரிய ஒளி ஆழத்தில் இறங்கி நீர்க்களைகளை வளர்க்கிறது. ஓட்டின் மேல் ஓடாக இவை ஒட்டிக்கொள்வதால் உள்ளூர் மட்டிகள் இரையின்றி மடிகின்றன. பெரிய ஏரியொன்றில் ஒருமுறை குடியேறிய இவற்றை முற்றாக அகற்றும் வழி இன்றுவரை இல்லை. 2006 இல் வேர்ஜீனியாவில் பொட்டாசியம் குளோரைடு கலந்து முழுமையாக ஒழிக்க முடிந்தது ஒரு மூடிய கற்குழிக் குளத்தில்தான்.

ஆகவே செய்ய வேண்டிய வேலை அடுத்த ஏரியின் கரையில் அல்ல, விட்டுப் புறப்படும் ஏரியின் கரையிலேயே தொடங்க வேண்டும். படகை ட்ரெய்லரில் ஏற்றியதும் இறக்குதுறையை மற்றவர்களுக்கு விட்டு, நீர் திரும்ப ஏரிக்குள் வழியாத ஓர் இடத்தில் நிறுத்துங்கள்.

முதலில் களைகளை அகற்ற வேண்டும். மட்டிகள் படகின் உடலில் ஒட்டியிருப்பதைவிட, ட்ரெய்லரின் உருளைகளிலும் அச்சிலும் சிக்கிய நீர்க்களைகளில் ஒட்டியிருப்பதே பெரும்பாலும் கவனத்துக்குத் தப்புகிறது. உந்துவிசிறியின் தண்டு, நங்கூரக் கயிறு, ட்ரெய்லர் விளக்குகளின் பின்புறம் ஆகிய இடங்களைக் கையால் தடவிப் பாருங்கள். வளர்ந்த மட்டி விரல்நகம் அளவில், பழுப்பும் வெள்ளையுமான வரிகளோடு கண்ணுக்குத் தெரியும். அண்மையில் ஒட்டிய குஞ்சுகளோ தெரிவதில்லை. வழவழப்பாக இருக்க வேண்டிய அடிப்பகுதி உப்புத்தாள் போல் சொரசொரத்தால் அவை அங்கே இருக்கக்கூடும். பிடுங்கிய களைகளைத் திரும்பவும் நீரில் எறியாமல் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

அடுத்தது நீரை வடிப்பது. மட்டியின் இளம் புழுக்கள் நீரில் மிதந்து திரிபவை. கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியவை. ஒரு வாளி நீரில் எத்தனை இருக்கின்றன என்று பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. எனவே படகின் பின்புற வடிகால் மூடியைக் கழற்றி, முன்பக்கத்தை உயர்த்தி, அடித்தட்டில் தேங்கிய நீர் முழுவதும் வடியும் வரை காத்திருங்கள். பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டியையும் வெறுமையாக்க வேண்டும். வெளிப்புற மோட்டாரைச் செங்குத்தாக இறக்கிவைத்தால் அதன் குளிர்விக்கும் குழாய்களில் நின்ற நீர் வெளியேறும். காற்றடைத்த படகு வைத்திருப்பவர்கள் அடித்தளப் பாய்க்குக் கீழே தங்கும் நீரை மறந்துவிடுகிறார்கள். அதைக் கழற்றித் துடைப்பது சற்றுத் தொல்லைதான் என்றாலும் தவிர்க்கக் கூடாது. இவ்விரு வேலைகளும் வெறும் அறிவுரை அல்ல. படகைத் தரைவழியே கொண்டு செல்லுமுன் வடிகால் மூடிகளைத் திறந்து நீரை வடிக்கவும், தாவரங்களையும் உயிரினங்களையும் அகற்றவும் வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் சட்டம்.

இரை வாளியையும் அதே கவனத்தோடு பாருங்கள். மிஞ்சிய இரைமீனையோ வாளி நீரையோ ஏரியில் கொட்டுவதும், கரையிலிருந்து 30 மீற்றருக்குள் கொட்டுவதும் குற்றம்.

வீடு வந்ததும் கழுவுங்கள். வெப்பத்தால் மட்டி சாகும்: 60 பாகை செல்சியஸ் நீர் சில விநாடிகள் தொடர்ந்து பட்டாலே போதும், 50 பாகை என்றால் இரண்டு நிமிடங்களாவது தேவை. ஆனால் தோட்டக் குழாயின் நீளத்தில் வெந்நீர் ஆறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். படகில் விழும் இடத்தில் இருக்கும் வெப்பமே கணக்கு. உயர் அழுத்த நீர்ப்பீச்சி ஒட்டிக்கொண்டிருப்பவற்றைப் பெயர்த்தெடுக்க உதவும். கொல்வதற்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். கழுவும் நீர் மழைநீர்க் கால்வாயில் ஓடாமல் புல்தரையில் ஊறும்படி படகை நிறுத்துங்கள். குளோரின் கலந்த வெளுப்பான்கள் தேவையில்லை. அவை நீர்நிலையில் கலந்தால் மீன்களுக்கு ஆபத்து.

எல்லாவற்றிலும் நம்பகமானது காயவைத்தல் என்பேன். வெயில் பட, காற்றோட்டமாக, குறைந்தது ஐந்து நாள்கள் படகைக் காயவிடுங்கள். ஓடுகளை இறுக மூடிக்கொண்ட மட்டி வெம்மையான உலர்ந்த நாளில் சில நாள்களில் இறந்துவிடும். குளிரும் ஈரமுமான இலையுதிர்காலத்தில் வாரக்கணக்கில் உயிர்வாழும். தார்ப்பாயால் மூடிய படகுக்குள் இந்தக் காலக்கணக்கு பொருந்தாது. கயிறு, வலை, உயிர்காப்பு அங்கி, பஞ்சு போன்றவை மெதுவாகக் காய்பவை என்பதால் அவற்றைத் தனியே விரித்துப் போடுங்கள். அடுத்த நாளே வேறோர் ஏரிக்குப் போக வேண்டியிருந்தால், வெந்நீர்க் கழுவலை ஒருபோதும் விடாதீர்கள். அதற்கும் வழியில்லை என்றால் முந்தைய நாள் சென்ற ஏரிக்கே திரும்பிச் செல்லுங்கள்.

கயாக் வைத்திருப்பவர்களுக்கும், கரையில் நின்று மீன் பிடிப்பவர்களுக்கும் இதே முறைதான். காலணியின் சேறும் கணக்கில் சேரும். வடக்கே கற்பாறை நிலத்து ஏரிகள் பலவற்றில் கல்சியம் குறைவாக இருப்பதால் மட்டிகள் எளிதில் ஓடு கட்டுவதில்லை என்பது உண்மை. இருந்தும் அங்கே செல்லும்போது கவனத்தைத் தளர்த்த முடியாது, ஏனெனில் தூண்டில் நூலில் பஞ்சுத்துகள் போல் சிக்கும் முள்வால் நீர்த்தெள்ளு என்ற, வெளியிலிருந்து வந்த இன்னொரு சிறு நீருயிரிக்குக் கல்சியக் குறைவு தடையாக இருக்கவில்லை. மஸ்கோக்கா ஏரிகள் சிலவற்றில் அது ஏற்கெனவே பரவியிருக்கிறது.

இதுவரை மட்டி பதிவாகாத ஏரியொன்றில் சந்தேகத்துக்குரிய மட்டியைக் கண்டால் அதை நீரில் திரும்பப் போட வேண்டாம். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய நார்களால் கல்லிலோ மரத்திலோ பற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். வளர்ந்த உள்ளூர் நன்னீர் மட்டிகள் அப்படிப் பற்றுவதில்லை. தட்டையான பக்கத்தில் நிமிர்ந்து நின்றால் பெரும்பாலும் வரிக்குதிரை மட்டி, சாய்ந்து விழுந்தால் குவாகா. பிறகு ஒன்ராறியோவின் ஊடுருவும் இனங்களுக்கான கட்டணமில்லா இலக்கமான 1-800-563-7711 இல் தெரிவியுங்கள்.