கொமினிகேஷனில் திறந்த ஈமெயில் யாருடையது?

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று பக்கம் பலருக்கு முதல் ஈமெயில் திறந்து கொடுத்தது போட்டோ கொப்பி அடிக்கிற கொமினிகேஷன்தான். கெம்பஸ் விண்ணப்பமோ கட்டார் வேலையோ, எதற்குப் போனாலும் ஈமெயில் கேட்பார்கள், கடைத் தம்பி அஞ்சு நிமிசத்தில் திறந்து தந்துவிடுவார். உதவிதான், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அவசரத்தில் வருகிற எல்லோருக்கும் போடுகிற பாஸ்வேர்டே உங்களுக்கும் விழுந்திருக்கும், பாஸ்வேர்ட் மறந்தால் கோட் வருகிற மீட்பு இலக்கமாகக் கடை போன் இலக்கம் இருக்கும். அந்த போன் யார் கையில் இருக்கிறதோ, அவர் நினைத்தால் உங்கள் பாஸ்வேர்டை மாற்றிவிடலாம்.

ஆகவே இன்றைக்கே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து, மீட்பு இலக்கமும் மீட்பு ஈமெயிலும் உங்களுடையதா என்று பாருங்கள். வெளிநாடு போய் இங்கத்தைய சிம்மைக் கைவிட்டவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாவிக்காத இலக்கத்தைக் கம்பனி வேறொருவருக்குக் கொடுத்துவிடும், பிறகு உங்கள் கோட் அவருக்குத்தான் போகும். அப்படியே இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். பாஸ்வேர்ட் வெளியே போனாலும் உங்கள் போன் இல்லாமல் உள்ளே நுழைவது கஷ்டம்.

இன்னொரு பழக்கம், கடவுச்சீட்டையும் அடையாள அட்டையையும் கடையின் ஈமெயிலுக்கு அனுப்பி பிரிண்ட் எடுப்பது. காசு கொடுத்து வந்துவிடுகிறோம், அந்தக் கொப்பி அவர்களுடைய இன்பொக்ஸிலும் டவுன்லோட் போல்டரிலும் அப்படியே கிடக்கும். பென்டிரைவில் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் நின்று, குப்பைத்தொட்டி வரை அழிக்கச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, இனி போலி ஈமெயில். "உங்கள் பொதி தபாலில் நிற்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும், கார்ட் இலக்கம் கேட்கும். அனுப்பியவர் பெயரை யாரும் எப்படியும் எழுதலாம், அதை நம்பாதீர்கள். பெயரைத் தட்டினால் முகவரி தெரியும், அதன் கடைசிப் பகுதியைப் பாருங்கள். அரச திணைக்களம் என்றால் டொட் ஜிஓவி டொட் எல்கே (.gov.lk) என்று முடிய வேண்டும். நடுவில் ஜிஓவி இருந்து கடைசியில் வேறேதோ இருந்தால் அது போலி. வேலைக் கடிதம் வந்தால் காசு கட்ட முதல் 1989க்கு எடுத்து, அந்த ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேளுங்கள். விசா கனவில் இருக்கிற பிள்ளைகள் இந்த ஒரு அழைப்பைத்தான் எடுப்பதில்லை, வீட்டில் நகை அடகுக்குப் போன பிறகுதான் விசாரிக்கிறார்கள்.

யாராவது உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று தெரிந்து பாஸ்வேர்டை மாத்திரம் மாற்றினால் போதாது. வருகிற கடிதமெல்லாம் தங்களுக்கும் போகும்படி போர்வேர்டிங் போட்டிருப்பார்கள், பாஸ்வேர்ட் மாறினாலும் அது நிற்காது. போன் அப்பில் இது தெரியாது, கம்பியூட்டரில் ஜிமெயில் செட்டிங்ஸில் போர்வேர்டிங், பில்டர் இரண்டையும் பார்த்து, தெரியாத முகவரி இருந்தால் தூக்குங்கள். சாதனங்களின் பட்டியலில் தெரியாத போன் இருந்தால் அதையும் வெளியேற்றுங்கள். கார்ட் விபரம் கொடுத்திருந்தால் இதற்கெல்லாம் முதல் வங்கிக்கு எடுத்து கார்டை நிறுத்துங்கள், அப்புறம் 101க்கு எடுத்து, கணினிப் பாதுகாப்பைப் பார்க்கிற இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்திடம் சொல்லுங்கள். அந்தப் போலி ஈமெயிலை அழித்துவிட வேண்டாம், முறைப்பாட்டுக்கு அது தேவைப்படும்.