மாடிப்படி எங்கே ஒட்டுகிறது? ஈடேப்ஸில் கான்கிரீட் படிக்கட்டின் இணைப்புகளை மாடல் செய்யும் முறை

கட்டிடங்களின் வலிமையைக் கணக்கிடும் சாஃப்ட்வேரான ஈடேப்ஸில் (ETABS) படிக்கட்டை வரையாமல் அதன் எடையை மட்டும் பீம் மேல் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுவது பரவலான பழக்கம். எடைக் கணக்குக்கு அது போதும், பூகம்பக் கணக்குக்குப் போதாது. கம்பி தொடர்ந்து ஓட, பீமோடு சேர்த்து வார்த்த ஃபிளைட் (படிகள் உள்ள சாய்ந்த பகுதி), தூணும் பீமும் சேர்ந்த ஃபிரேமுக்குள் சாய்த்துக் கொடுத்த முட்டு போல வேலை செய்யும். மாடி பக்கவாட்டில் அசையும்போது முதலில் விசையை வாங்குவது அதுதான். ஆகவே சைட்டில் இணைப்பு எப்படி இருக்குமோ அப்படியே மாடலிலும் இருக்கவேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டின் டாக்-லெக்டு படிக்கட்டை, அதாவது நடுவில் லேண்டிங் என்ற சமதளத்தில் திரும்பி எதிர்த்திசையில் ஏறும் படிக்கட்டைப் பார்ப்போம். மாடி உயரம் 3.0 மீ. ரைசர் (படியின் உயரம்) 150 மி.மீ. வீதம் 20, ஒரு ஃபிளைட்டுக்கு 10 ரைசர், 250 மி.மீ. வீதம் 9 டிரெட் (மிதிக்கும் பரப்பு). ஃபிளைட்டின் கிடைமட்ட நீளமான கோயிங் 2.25 மீ., ஃபிளைட் அகலம் 1.2 மீ., நடு இடைவெளி 100 மி.மீ. வெயிஸ்ட் ஸ்லாபும் (படிகளுக்கு அடியிலுள்ள சாய்ந்த ஸ்லாப்) லேண்டிங்கும் 150 மி.மீ. கனம். கீழ் முனை மாடி பீமில், லேண்டிங்கின் வெளி ஓரம் பாதி உயரத்தில் ஓடும் லேண்டிங் பீமில். முதல் ரைசரிலிருந்து லேண்டிங் பீம் மையம் வரை 3.45 மீ.

நடு மட்டத்தை ஸ்டோரியாக்க வேண்டாம்

லேண்டிங்குக்கு 1.5 மீட்டரில் தனி ஸ்டோரி (மாடி மட்டம்) சேர்த்தால் வரைவது எளிது. ஆனால் ஸ்டோரி டிரிஃப்ட் (மாடியின் பக்கவாட்டு நகர்வு), மாடி விறைப்பு, சாஃப்ட் ஸ்டோரி (விறைப்பு குறைந்த மாடி) சரிபார்ப்பு எல்லாமே அந்த அரை மாடியால் குழம்பும். வரைவதற்கு மட்டும் உதவும் ரெஃபரன்ஸ் பிளேன் ஒன்றை 1.5 மீட்டரில் வையுங்கள், அது போதும். தூண்களை மாடிக்கு மாடி ஒரே துண்டாக விட்டு, லேண்டிங் பீமை அவற்றின் நடுவில் முட்டும்படி வரையுங்கள். ஃபிரேம் ஆட்டோ மெஷ்ஷில் (உறுப்புகளைத் தானாகத் துண்டாக்கும் அமைப்பு) இடை ஜாயின்ட்டுகளில் பிரிக்கும் தேர்வு இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது அணைந்திருந்தால் பீம் தூணைத் தொட்டும் ஒட்டாமல் நிற்கும்.

லேண்டிங் மட்டத்தில் டயஃபிரம் (தளம் முழுவதும் ஒன்றாக நகரும் என்ற கட்டுப்பாடு) கொடுக்காதீர்கள். சாய்ந்த ஃபிளைட்டுக்கும் வேண்டாம்.

மடிப்பு எங்கே விழுகிறது

பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். படியின் உண்மையான சாய்வு 150-க்கு 250, அதாவது 0.6. முதல் ரைசருக்கும் கடைசி ரைசருக்கும் நேர்க்கோடு போட்டால் 1.5-க்கு 2.25, அதாவது 0.667. இரண்டும் ஒன்றல்ல. ரைசர் எண்ணிக்கை டிரெட்டைவிட ஒன்று கூடுதல் என்பதால் வரும் வித்தியாசம் இது.

வெயிஸ்ட் ஸ்லாபின் நடுத்தளம், படி முனைகளைச் சேர்க்கும் நோசிங் கோட்டுக்கு நேர் கீழே 237 மி.மீ. தள்ளி ஓடுகிறது: ரைசர் 150, சாய்வில் அளந்த பாதிக் கனம் 87. லேண்டிங்கின் நடுத்தளமோ மேற்பரப்புக்கு 75 மி.மீ. கீழே. இரண்டும் வெட்டும் புள்ளியைக் கணக்கிட்டால், கீழ் முனையில் முதல் ரைசரிலிருந்து 20 மி.மீ. தள்ளியும், மேல் முனையில் கடைசி ரைசரைத் தாண்டி லேண்டிங்குக்குள் 270 மி.மீ. தள்ளியும் வரும். எனவே முதல் ஃபிளைட்டை முதல் ரைசர் கோட்டில் தொடங்கி, லேண்டிங்குக்குள் 250 மி.மீ. வரை கொண்டுபோங்கள். கிடைமட்ட நீளம் 2.5 மீ., சாய்வு சரியாக 0.6. அந்தப் பக்கத்து லேண்டிங் ஷெல் (ஸ்லாபைக் குறிக்கும் தகடு உறுப்பு) 0.95 மீ. மட்டும் இருக்கும்.

இரண்டாம் ஃபிளைட் லேண்டிங் ஓரத்திலேயே தொடங்கும், அதுவே அதன் சரியான மடிப்பு. மேலே அது மாடி பீமின் பக்கத்தில் போய் முட்டுகிறது. அங்கே பீம் கோட்டோடு நேராக இணைத்துவிடுங்கள். சரிவு நீளத்தில் வரும் 3 சதவீத வித்தியாசத்துக்காக மெனக்கெடத் தேவையில்லை.

இரு ஃபிளைட்டின் அடிப்பரப்பு மடிப்பும் ஒரே கோட்டில் வரவேண்டும் என்று ஆர்க்கிடெக்ட் கேட்டால், ஒரு ஃபிளைட்டை ஒரு டிரெட் தள்ளி வைப்பதுதான் வழி. மாடலிலும் அதன்படி மாற்றுங்கள்.

வரைதலும் மெஷ்ஷும்

1.2 மீ. அகலக் கோட்டை 300 மி.மீ. வீதம் நான்காகப் பிரித்து, ஃபிரேமிலிருந்து ஷெல்லாக எக்ஸ்ட்ரூட் செய்யுங்கள், அதாவது கோட்டை இழுத்துப் பரப்பாக்குங்கள். முதல் ஃபிளைட்டுக்கு ஒவ்வொரு நகர்வுக்கும் மீட்டரில் கிடைமட்டம் 0.25, உயரம் 0.15, எண்ணிக்கை 10. இரண்டாவதற்குக் கிடைமட்டம் எதிர்த்திசையில் 0.25, எண்ணிக்கை 9. இதற்கு உயரம் 0.1667 என்று அடித்தால் கடைசி ஜாயின்ட் 3.0003-இல் நிற்கும். முழு இலக்கங்களையும் கொடுங்கள், பிறகு மேல் ஜாயின்ட்டின் ஆயத்தொலைவைத் திறந்து பாருங்கள்.

ஷெல்லின் ப்ராப்பர்ட்டி ‘ஷெல்-தின்’ வகை. மெம்பரேன் கொடுத்தால் வளைவு விறைப்பே இருக்காது. லேண்டிங்கை 2.5 மீட்டருக்கு ஒரே சதுரமாக விடாமல் 1.2, 0.1, 1.2 என்று வெட்டி, ஃபிளைட்டின் அதே 300 மி.மீ. பிரிவைத் தொடருங்கள். ஆட்டோ எட்ஜ் கன்ஸ்ட்ரெயின்ட் என்ற தானியங்கி ஓர இணைப்பு பொருந்தாத மெஷ்ஷையும் ஒட்டிக்கொடுக்கும் என்பது உண்மை. இருந்தாலும் மடிப்புக் கோட்டில் ஜாயின்ட் ஜாயின்ட்டோடு சேர்வதே நம்பகமானது, ஏனென்றால் நீங்கள் விசையைப் படிக்கப்போவது அந்தக் கோட்டில்தான்.

வளைவு விறைப்பைப் பெருக்கும் எண்ணான மாடிஃபையரை 0.25 என்று குறைக்கலாம். ஆனால் ஸ்லாபின் தளத்துக்குள் செயல்படும் விறைப்பின் எஃப்11, எஃப்22 மாடிஃபையர்களை 0.01 ஆக்குவது, சைட்டில் இல்லாத வழுக்கு இணைப்பை மாடலில் போடுவதற்குச் சமம். கம்பி தொடர்ந்து ஓடும் இடத்தில் அச்சு விசையை விடுவிக்கும் ரிலீஸும் கூடாது. உண்மையிலேயே வழுக்கும் முனை வேண்டுமென்றால் இந்தியத் தர விதியான ஐ.எஸ். 4326 அதற்கு இடம் தருகிறது. அப்போது ஃபிளைட்டின் கீழ் முனை தாங்கியின் மேல் சும்மா உட்காரும், கம்பி கடக்காது, மாடலிலும் செங்குத்துப் பிடிப்பு மட்டுமே இருக்கும்.

சுமை

ஷெல்லின் தன்னெடையைச் சாஃப்ட்வேரே சரிவுப் பரப்பில் எடுத்துக்கொள்ளும். படிகளின் எடை, சராசரி 75 மி.மீ. கான்கிரீட், பிளான் பரப்பில் சதுர மீட்டருக்கு 1.875 கிலோநியூட்டன். ஃபினிஷ் 1.0. வீட்டுப் படிக்கட்டின் லைவ் லோட் (ஆட்கள், பொருள்களின் சுமை) ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதிப்படி 3.0. இந்த மூன்றுமே பிளான் பரப்புக் கணக்கு. ஆகவே ஃபிளைட்டில் திசையை ‘கிராவிட்டி’ என்று விடாமல் ‘ப்ரொஜெக்டட் கிராவிட்டி’ ஆக்குங்கள். இல்லாவிட்டால் சரிவில் 16 சதவீதத்துக்குமேல் கூடுதலாக ஏறும். லைவ் லோடை மட்டும் ஓட்டி எதிர்விசைகளைக் கூட்டுங்கள்: பிளான் பரப்பு 8.4 ச.மீ., வரவேண்டியது 25.2 கிலோநியூட்டன். வேறு எண் வந்தால் சுமைத் திசையையோ, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த ஷெல்லையோ தேடுங்கள்.

ஓட்டியபின் பார்க்கவேண்டியவை

மோட் வடிவங்களை (கட்டிடம் அதிரும் வடிவங்கள்) அசைத்துப் பாருங்கள். ஃபிளைட் மட்டும் தனியாகப் படபடத்தால் எங்கோ ஜாயின்ட் ஒட்டவில்லை என்று பொருள். பிழை தேடும் ‘செக் மாடல்’ கட்டளையையும் ஓட்டிவிடுங்கள்.

அடுத்து ஒவ்வொரு ஷெல்லுக்கும் உரிய அச்சுகளான லோக்கல் ஆக்சிஸ். இரண்டு ஃபிளைட்டும் எதிரெதிராக வரையப்பட்டதால் அச்சுகள் மாறியிருக்கலாம். அச்சு 1 படியேறும் திசையில் நின்றால்தான் எம்11 பிரதான கம்பிக்கான மொமெண்ட் (வளைக்கும் விசையின் அளவு).

கைக்கணக்கு பக்கத்தில் இருக்கட்டும். ஃபாக்டர்டு சுமை (பாதுகாப்புக்காக 1.5 மடங்காக்கியது) சதுர மீட்டருக்கு ஃபிளைட்டில் 15.4, லேண்டிங்கில் 11.6 கிலோநியூட்டன், இரு முனையும் சும்மா தாங்கியதாக எடுத்தால் உச்ச மொமெண்ட் மீட்டருக்கு சுமார் 21.5 கிலோநியூட்டன்-மீட்டர். மாடல் இதில் பாதிகூடக் காட்டாமல் போகலாம். மடிந்த ஸ்லாபின் இரு முனையும் நகராமல் பிடிக்கப்பட்டால், அச்சு அழுத்தம் மடிப்பைத் தாங்கி போல ஏந்திக்கொள்ளும். அந்தக் குறைந்த எண்ணை வைத்துக் கம்பியைக் குறைக்காதீர்கள்; விரிசல் விட்டு பீம் கொஞ்சம் நகர்ந்தாலே அந்த உதவி கரைந்துவிடும். கைக்கணக்குக்கு எம்25 கான்கிரீட், எஃப்.இ.500 எஃகில் 10 மி.மீ. கம்பி 150 மி.மீ. இடைவெளியில் போதும். இதோடு பூகம்பச் சுமைச் சேர்க்கையில் (காம்பினேஷன்) படியேறும் திசையில் வரும் எஃப்11 இழுவிசைக்கும் கம்பி சேருங்கள். அந்த இழுவிசை எடை மட்டும் ஏற்றிய மாடலில் தெரியவே தெரியாது.

லேண்டிங் பீம் முட்டும் தூண்களை விடவே கூடாது. 450 மி.மீ. மாடி பீம், 300 மி.மீ. லேண்டிங் பீம் என்றால் தளத்துக்கும் மேல் பீமின் அடிக்கும் இடையிலான 2.55 மீ. தூண் உயரம் 1.2 மீ., 1.05 மீ. என்று துண்டாகிறது. விறைப்பு உயரத்தின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதம் என்பதால், மேல் துண்டு ஏறக்குறைய 14 மடங்கு விறைப்பாகி ஷியரை (குறுக்கே வெட்டும் விசை) தன்மேல் இழுத்துக்கொள்ளும். இந்தத் தூண்களுக்கு ஐ.எஸ். 13920 கேட்கும் நெருக்கமான ஸ்டிரப் (தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) முழு உயரத்துக்கும் வரவேண்டும், முனைகளில் மட்டும் அல்ல. படிக்கட்டு உள்ள மாடல், இல்லாத மாடல் இரண்டையும் ஓட்டி, உறுப்புக்கு உறுப்பு பெரிய மதிப்பை எடுங்கள். கட்டிடத்தின் ஒரு மூலையில் படிக்கட்டு இருந்தால் முறுக்கு மோட் மாறுவதும் இந்த ஒப்பீட்டில்தான் தெரியும்.

மடிப்பில் கம்பி

முதல் ஃபிளைட் ஏறி லேண்டிங்கில் மடியும் இடத்தில், அடிக்கம்பியை மடிப்போடு வளைத்துக் கொண்டுபோனால் அது நிமிரப் பார்த்து, கவர் கான்கிரீட்டைக் கீழே பெயர்த்துத் தள்ளும். ஃபிளைட்டின் அடிக்கம்பி நேராக லேண்டிங்கின் மேல்முகத்துக்குப் போகட்டும். லேண்டிங்கின் அடிக்கம்பி தனியாக ஃபிளைட்டின் மேல்முகத்துக்குள் நுழையட்டும். இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்துக்கு அப்பால் 10 மி.மீ. கம்பிக்கு 490 மி.மீ. பிடிப்பு நீளம் வேண்டும். இரண்டாம் ஃபிளைட் தொடங்கும் கீழ் மடிப்பில் அடிக்கம்பி தொடர்ந்து ஓடலாம், அங்கே கம்பி கான்கிரீட்டுக்குள் அழுத்துகிறது, கவனம் மேல்கம்பிக்கு. டிராயிங்கில் இரண்டு மடிப்பையும் தனித்தனி செக்‌ஷனாக 1:20 அளவில் வரைந்து கொடுங்கள். ஒரே செக்‌ஷனைக் காட்டி ‘மற்றதும் இதேபோல்’ என்று எழுதினால், கம்பி கட்டுபவர் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வளைத்துவிடுவார்.