கழுத்து ரத்தக்குழாய்ல அடிபட்டா என்ன பண்ணணும்

கழுத்துல வெட்டுப்பட்டு ரத்தம் பீச்சி அடிக்குதுன்னா ஆம்புலன்ஸுக்கு ஒருத்தர் போன் போடட்டும், நீங்க ரத்தம் எங்க இருந்து வருதோ கரெக்டா அந்த இடத்துல துணியோட விரலை வச்சு அழுத்திப் பிடிங்க, மேலாப்ல துணியைப் போர்த்தி வச்சா ஒண்ணும் நிக்காது. நின்னுடுச்சான்னு நடுவுல எடுத்துப் பார்க்காதீங்க, உறைய ஆரம்பிச்ச ரத்தமும் துணியோட பிஞ்சு வந்துடும். ரெண்டு பக்கமும் சேர்த்து அழுத்தக்கூடாது, மூளைக்கு ரத்தமே போகாது. கழுத்தைச் சுத்தி இறுக்கிக் கட்டவும் கூடாது. கத்தியோ கண்ணாடியோ குத்தி நின்னா அது அப்படியே இருக்கட்டும், பிடுங்கினா அடைச்சுக்கிட்டு இருந்ததும் திறந்துக்கும். ஆளைப் படுக்க வைக்கிறதுதான் நல்லது, சிரை கிழிஞ்சிருந்தா உக்கார்ந்திருக்கும்போது காத்தை உள்ள இழுத்துக்கும், ஆனா படுத்தா மூச்சு விட முடியலன்னா கட்டாயப்படுத்தாதீங்க.

ஆஸ்பத்திரில முதல்ல பார்க்கிறது மூச்சுதான், ஏன்னா உள்ள தேங்கிற ரத்தம் வீங்கி மூச்சுக்குழாயை ஒதுக்கிடும், லேட் பண்ணா ட்யூப் போடறதே கஷ்டம். விரல் எட்டாத ஆழத்துல ரத்தம் வந்தா, யூரினுக்குப் போடற அதே ஃபோலி கதீட்டரைக் காயத்துக்குள்ள விட்டு பலூனை ஊதி அடைப்பாங்க, சிம்பிள் ஐடியாதான் ஆனா உயிரைக் காப்பாத்தும். ரத்தம் நிக்கலை, வீக்கம் பெருசாகிட்டே போகுதுன்னா நேரா ஆபரேஷன் தியேட்டர், இல்லன்னா ரத்தக்குழாயைக் காட்டுற சிடி ஆஞ்சியோங்கிற ஸ்கேன் எடுத்துட்டு முடிவு பண்ணுவாங்க.

கழுத்தோட நடுப்பகுதின்னா திறந்து தைக்கலாம், கிழிசல் பெருசா இருந்தா கால்ல இருந்து சிரையை எடுத்து ஒட்டுப் போடுவாங்க. முகத்துக்கு ரத்தம் கொண்டு போற வெளிப்பக்க கரோட்டிட் தமனியைக் கட்டி விட்டாக்கூட பெரும்பாலும் பிரச்சினை இல்ல, உள்பக்க கரோட்டிட் அப்படி இல்ல, மூளைக்குப் போறதே அதுதான், கட்டினா ஸ்ட்ரோக் வரலாம்னு முடிஞ்ச வரைக்கும் ரிப்பேர்தான் பண்ணுவாங்க. மண்டையோட்டுக்குப் பக்கத்துலயோ காறை எலும்புக்குப் பின்னாடியோ இருந்தா கத்தி போறது கஷ்டம், தொடை வழியா குழாய் விட்டு ஸ்டென்ட் வைக்கிறது உண்டு. முதுகெலும்பு ஓட்டை வழியா போற வெர்டிப்ரல் தமனின்னா காயில்ங்கிற சின்ன கம்பிச்சுருளை உள்ள வச்சு அடைக்கிறதும் உண்டு.

என்னைக் கேட்டா இதைவிட மோசம் ரத்தமே வராத அடி. சீட் பெல்ட் இழுத்தது, கழுத்து நெரிபட்டது, தலை வெடுக்குன்னு திரும்பினது, இதுல குழாயோட உள்தோல் சுவர்ல பெயிண்ட் உரியற மாதிரி உரிஞ்சு அங்க ரத்தம் கட்டும், ஆள் நல்லா பேசிட்டே இருப்பார், சில மணி நேரமோ சில நாளோ கழிச்சு ஸ்ட்ரோக் வரும். ஒரு பக்கமா கழுத்து வலி தலைவலி, ஒரு கண் இமை தொங்கறது, பேச்சு குழறறது, கை மரத்துப் போறது, இதுல எது வந்தாலும் உடனே எமர்ஜென்சிக்குப் போய் கழுத்துல அடிபட்டதைச் சொல்லுங்க, சொன்னாத்தான் ஆஞ்சியோ எடுக்கணும்னு அவங்களுக்குத் தோணும். இதுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் வேணாம், ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரினோ ஹெபரினோ குடுத்து 7-10 நாள்ல திரும்ப ஸ்கேன் பார்த்து, ஆறலைன்னா மாத்திரையை 3-6 மாசம் வரைக்கும் ஓட்டுவாங்க. அதுக்காக வீட்லயே ஆஸ்பிரின் போட்டுக்காதீங்க, தலைக்குள்ளயோ வயித்துக்குள்ளயோ ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருந்தா அது இன்னும் மோசமாக்கிடும்.