ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்க

முதல் இரண்டு வகுப்புகளில் பின்தங்கும் பிள்ளைகளில் பலருக்குப் பாடம் புரியாமல் போவதில்லை, வாசிக்கத்தான் வரவில்லை. அறிவியல் கேள்வியை வாயால் கேட்டால் பதில் சொல்கிற பிள்ளை, அதையே தாளில் பார்த்தால் விழிக்கும். அதனால் வீட்டில் கிடைக்கும் நேரத்தை வீட்டுப்பாட நோட்டை நிரப்பச் செலவழிக்காமல், முதலில் வாசிப்புக்குக் கொடுங்கள். நாளுக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். வாரம் ஐந்து நாள் தவறாமல் நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதால் பயனில்லை.

எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் எவ்வளவு வருகிறது என்று அறிய 2005 முதல் கிராமங்களில் நடத்தப்படும் ஏசர் (ASER) ஆய்வில் ஒரு எளிய சோதனை உண்டு: எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று நான்கு படிகள். வீட்டிலும் அதையே செய்யலாம். பிள்ளை பார்த்திராத நான்கு வரிப் பத்தி ஒன்றைக் கொடுங்கள். மூன்று பிழைக்குள் ஓரளவு சரளமாக வாசித்தால் கதைக்குப் போங்கள். திணறினால் ஐந்து எளிய சொற்களைக் காட்டுங்கள். நான்கு சரியாக வந்தால் அது சொல் படியில் இருக்கிறது. அதுவும் வராவிட்டால் ஐந்து எழுத்துகளைக் காட்டுங்கள். அங்கும் கணக்கு அதுதான்: ஐந்துக்கு நான்கு.

பிள்ளையின் சொந்தப் பாடப்புத்தகத்தை இதற்கு எடுக்காதீர்கள். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து கத்தி வாசித்ததில் பாதிப் புத்தகம் மனப்பாடமாகியிருக்கும். சந்தேகம் இருந்தால் படத்தைக் கையால் மறைத்துவிட்டு, நடுவரியில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்று கேளுங்கள். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தால், அது வாசிப்பு இல்லை.

அரசுப் பள்ளி என்றால் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று படிநிலை பிரித்திருப்பார்கள். உங்கள் பிள்ளை எதில் இருக்கிறது என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு, நீங்கள் கண்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

247 எழுத்தையும் வரிசையாக ஓட்ட வேண்டாம்

அ முதல் ன் வரை ஒப்பிக்க வைப்பது நம் வீடுகளில் ஊறிப்போன வழக்கம். வரிசை தெரிவது நல்லதுதான். ஆனால் அகராதி புரட்டும் வயதில் அது உதவும். வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்குத் தேவை, சீக்கிரம் சொல்லாக மாறக்கூடிய சில எழுத்துகள்.

ப, ட, ம, க, ல, ர, வ. இந்த ஏழும், இவற்றில் ப், ட், ம், க், ல் என்ற புள்ளி எழுத்துகளும் போதும். படம், மரம், கல், பல், கடல், பகல், பட்டம், வட்டம், பக்கம், கப்பல், பம்பரம் என்று பத்துக்கு மேல் சொற்கள் வந்துவிடும். 'அ' சேர்த்தால் அகல், அவல், அப்பம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, பின்பக்கத்தில் தடித்த பேனாவால் அட்டைக்கு ஒரு எழுத்து எழுதுங்கள். ப, ம் ஆகியவற்றில் இரண்டிரண்டு அட்டை வேண்டும். இல்லாவிட்டால் பம்பரம் அமையாது. பிள்ளை அட்டைகளை நகர்த்திச் சொல் அமைக்கட்டும். எழுதுவது அதற்குப் பிறகு.

இங்கே ஒரு பிழை ஏறத்தாழ எல்லா வீட்டிலும் வரும். புள்ளி எழுத்துகளை 'இக், இங், இச்' என்று சொல்லித்தான் பழக்குகிறோம். அதனால் பிள்ளை 'படம்' என்பதை 'ப... ட... இம்' என்று வாசித்துவிட்டு, அது என்ன சொல் என்று தெரியாமல் நிற்கும். எழுத்து எல்லாம் தெரிகிறது, சேர்க்க மட்டும் வரவில்லை என்று பெற்றோர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தீர்வு எளிது: புள்ளி எழுத்தைத் தனியாக வாசிக்க விடாதீர்கள். அதை முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டியே சொல்லவையுங்கள்: ப–டம், கப்–பல், பம்–ப–ரம். இரண்டு அட்டைகளையும் இடைவெளி இல்லாமல் ஒட்டிவைத்து, விரலை நிறுத்தாமல் இழுத்துக் காட்டுங்கள்.

மற்றொரு சிக்கல், 'க' ஓரிடத்தில் ஒரு மாதிரியும் வேறிடத்தில் வேறு மாதிரியும் ஒலிப்பது: கல், பகல், தங்கம். இதற்கு விதி சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சொல் பிள்ளைக்குத் தெரிந்ததாக இருந்தால், பாதி வாசிக்கும்போதே வாய் தானாகத் திருத்திக்கொள்ளும். தொடக்கத்தில் தெரிந்த சொற்களை மட்டும் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

காலும் கொம்பும்

உயிர்மெய்யில்தான் பாதிப் பிள்ளைகள் தேங்குகிறார்கள். க, கா, கி, கீ என்று வரிசையாகப் பாடினால் ராகம்தான் மனதில் நிற்கும். 'கே' மட்டும் காட்டினால் 'க'விலிருந்து தொடங்கிப் பாடிப்பார்த்துத்தான் சொல்லும். குறியீட்டை ஒவ்வொன்றாக, குறில்–நெடில் ஜோடிச் சொற்களோடு கொடுங்கள்.

முதலில் கால்: பல்–பால், கல்–கால், படம்–பாடம், வரம்–வாரம். ஒரு கால் சேர்ந்ததும் சொல்லே மாறுவதைப் பிள்ளை காதால் கேட்க வேண்டும். துணைக்காலையும் 'ர'வையும் குழப்பிக்கொள்வது இந்தக் கட்டத்தில் சகஜம். 'பாரம்', 'காரம்' போன்ற சொற்களில் இரண்டையும் அருகருகே காட்டுங்கள். பிறகு விடு–வீடு. அதன்பின் வெட்டி–வேட்டி, பெட்டி–பேட்டி. கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முரண். கொம்பைக் கண்டால் உடனே வாசிக்காமல், அடுத்த எழுத்தையும் பார்த்துவிட்டு வாய் திறக்கப் பழக்குங்கள். கொடு–கோடு, தொடு–தோடு கடைசியில் வரட்டும். 'கொ'வைக் 'கெ' என்று வாசித்துவிட்டு மீதி நிற்கும் காலை 'ர' என்று சொல்லும் பிள்ளைக்கு, கொம்பையும் காலையும் ஒரே வண்ணத்தில் எழுதி, நடு எழுத்தை வேறு வண்ணத்தில் எழுதிக் காட்டினால் புரியும்.

உகரம் தனிக் கதை. அதன் வடிவம் எழுத்துக்கு எழுத்து மாறும். சு, பு, யு, வு ஒரு கூட்டம். து, நு, லு, று, ணு, னு ஒரு கூட்டம். கு, டு, மு, ரு, ழு, ளு மற்றொன்று. எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளவும் முடியாது, ஏனென்றால் தமிழ்ச் சொற்களில் ஏராளமானவை உகரத்தில் முடிகின்றன. கு, டு, து, று நான்கையும் காலுக்கு அடுத்தே கொடுத்துவிடுங்கள்: காது, மாடு, பாட்டு, ஆறு. மற்றவை கூட்டம் கூட்டமாக, வாரத்துக்கு ஒன்று.

தாத்தா, பாட்டி சொல்லிக்கொடுக்கும் வீடாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன் படித்தவர்கள் ணை, லை, ளை, னை, ணா, றா, னா, இவற்றின் ஒகர, ஓகர வடிவங்களான ணொ, றோ போன்றவற்றைப் பழைய வடிவத்தில் எழுதிக் காட்டக்கூடும். தவறில்லை, ஆனால் ஆறு வயதில் இரண்டு வடிவம் வேண்டாம்.

சொல்லிலிருந்து வரிக்கு

தனிச் சொல் வந்ததும் பத்திக்குப் போகலாம். 40, 50 சொல் உள்ள ஒரே பத்தியை மூன்று நாள் வாசிக்கட்டும். முதல் நாள் நீங்கள் வாசிக்க, பிள்ளை விரலால் தொடரட்டும். இரண்டாம் நாள் இருவரும் சேர்ந்து. மூன்றாம் நாள் தனியாக. பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் இடறினால் அந்தப் பத்தி இப்போதைக்குக் கடினம், எளிதானதை எடுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. நிலை ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

இடறினால் உடனே சொல்லிக்கொடுக்காதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அப்போதும் வராவிட்டால் முதல் எழுத்தைத் தொட்டுக் காட்டுங்கள், அதற்கும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். தாளில் 'போகிறேன்' என்று இருக்க, பிள்ளை 'போறேன்' என்று வாசித்தால் திட்டாதீர்கள். பொருள் புரிந்து வாசிக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். 'சரி, எழுத்தில் எப்படி இருக்கிறது, பார்' என்று மட்டும் சொல்லுங்கள். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இந்தத் தூரம் குறைய ஒரே வழி, படுக்கும் முன் நீங்கள் கதையை உரக்க வாசித்துக் காட்டுவது. பெற்றோருக்கு வாசிக்கத் தெரியாது என்றாலும் கை விரித்துவிட வேண்டாம். பிள்ளை வாசித்ததைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும். யார், எங்கே, ஏன் என்று மூன்று கேள்வி கேளுங்கள்.

சொல்வதெழுதுதல் நாளுக்கு ஐந்து சொல். பிழையானதை மறைத்துவிட்டு ஒருமுறை சரியாக எழுதவைத்தால் போதும். பத்து முறை இம்போசிஷன் எழுதும் கை, ஐந்தாவது முறைக்கு மேல் யோசிப்பதில்லை. ந, ன, ண மூன்றையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். இரண்டாம் வகுப்பில் இப்படிச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்: சொல்லின் முதலில் 'ந' வரும், 'ன', 'ண' வராது. 'த'வுக்கு முன் ந், 'ட'வுக்கு முன் ண், 'ற'வுக்கு முன் ன். பந்து, வண்டு, கன்று.

ஆங்கில வழிப் பள்ளிக்கும் இதே அடிப்படைதான். பாடத்தின் பொருளை முதலில் வீட்டு மொழியில் பேசுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் பேசி விளக்குவது பிள்ளையிடமிருந்து இரண்டு மொழியையும் பறிக்கிற வேலை.

கணக்கில் இரண்டே இடம்

ஒன்று, எண்ணின் பெயர். 90-ஐத் தொண்ணூறு என்கிறோம், 900-ஐத் தொள்ளாயிரம் என்கிறோம். காதில் 'நூறு' விழுவதால் தொண்ணூற்றைந்தைச் சொன்னதும் பிள்ளை 905 என்று எழுதிவைக்கும். 80, 90, 100 மூன்றையும் குச்சிக்கட்டாகப் பார்த்த பிள்ளைக்கு இந்தக் குழப்பம் வராது. தென்னை ஈர்க்குகளை விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுப் பத்துக் கட்டு, உதிரியாக இருபது வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, கடன் வாங்கிக் கழித்தல். 43-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 34 என்று வரும். கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். 3-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 3-ஐக் கழித்திருக்கிறது. நான்கு கட்டும் மூன்று உதிரியும் எடுத்துவைத்து, பதினேழு கேளுங்கள். ஏழு உதிரி இல்லை, ஒரு கட்டைப் பிரித்தாக வேண்டும் என்று பிள்ளையின் கையே கண்டுபிடிக்கும். அதைப் பார்த்த பிறகுதான் மேலே 4-ஐ அடித்து 3 போடுவதற்குப் பொருள் வரும்.

ஏழு வயது வரை எழுத்தைத் திருப்பி எழுதுவது பெரும்பாலும் இயல்பு. ஆனால் ஆறு மாதம் விடாமல் பழகியும் இரண்டாம் வகுப்பு முடிவில் எழுத்துகளே நிலைக்கவில்லை என்றால், முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் பிழை கூடுகிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். இரண்டிலும் குறையில்லை என்றால் கற்றல் குறைபாடு உண்டா என்று பார்க்க வேண்டும். ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் இதற்கான சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். போகும்போது மதிப்பெண் அட்டையோடு, பிழைகள் அழிக்கப்படாத சொல்வதெழுதுதல் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.