படகோனியாவுல கேம்ப் கிடைக்காம நான் சமாளிச்ச விதம்

தென் அமெரிக்காவுல, சிலி நாட்டுல இருக்கற டோரஸ் டெல் பைனே நேஷனல் பார்க்ல, W எழுத்து மாதிரி பாதைல பல நாள் நடக்கற டபிள்யூ ட்ரெக் போகணும்னு ரொம்ப நாள் ஆசை, ஆனா ஜனவரி அங்க பீக் சீசன், நான் புக் பண்ண உக்காந்தப்ப நடுவுல ஒரு நைட்டுக்கு மட்டும் கேம்ப் இல்ல, புக்கிங் இல்லாம உள்ள டென்ட் போடவும் விடமாட்டாங்க. அப்புறம் பிளானையே மாத்தி பார்க்குக்கு வெளிய இருக்கற புவேர்ட்டோ நத்தாலெஸ் ஊர்லயே ரூம் எடுத்துட்டேன், காலைல முதல் பஸ் புடிச்சா ரெண்டு மணி நேரத்துல பார்க்கோட லகூனா அமர்கா நுழைவு கேட். டவர்ஸ்னு சொல்ற மூணு உயரமான பாறைக் கோபுரங்களோட அடிவாரம் போய்ட்டு வர கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், கடைசி ஏத்தம் முழுக்க பாறைதான், காத்து ஆளையே தள்ளுது, ஆனா ராத்திரி 10 மணி வரை வெளிச்சம் இருக்கு. அர்ஜென்டினா பக்கம் எல் கலஃபாத்தே ஊர்ல இருந்து பஸ்ல வர்றவங்க பழம் எடுத்துட்டு வராதீங்க, என் ரெண்டு ஆப்பிளையும் சிலி பார்டர்லயே வாங்கி தொட்டில போட்டுட்டாங்க.