"சும்மா சொன்னேன் மச்சான்": ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் டென்னிஸ் பால் டீமின் விக்கெட் கீப்பருக்கு ஆறு வருடமாக 'கரி' என்றுதான் பெயர். ஸ்கோர் நோட்டில் கரி, வாட்ஸ்அப்பில் கரி, என் போனில் 'கரி கீப்பர்'. ஒருநாள் மேட்ச் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பைக்கிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். தகவல் கிடைத்து நாலு பேர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வரவேற்பில் இருந்த பெண், "பேஷன்ட் பேரு சொல்லுங்க" என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் எங்கள் ஓப்பனர்தான் வாயைத் திறந்தான்: "கொஞ்சம் கருப்பா இருப்பாரு, மேடம்."

அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு யோசித்துப் பார்த்தபோது, ஒரு ஆளுக்குக் கெட்ட பட்டம் வைப்பதைவிட, வைத்ததற்கு நாங்கள் சொல்லிக்கொண்ட சமாதானங்கள்தான் பெரிய தவறுகளாகத் தெரிந்தன.

முதல் சமாதானம், "அவனே சிரிக்கிறான், உனக்கென்ன?" என்பது. சிரிக்காமல் வேறென்ன செய்வார்? முகம் சுளித்தால் "சீன் போடாத" என்போம். அடுத்த ஞாயிறும் பதினொரு பேரில் ஒருவராக நிற்க வேண்டும். பந்துக்கும் கிரவுண்டுக்கும் மாதச் சந்தா கட்டினார். சிரிப்பு அதற்கு மேல் அவர் கட்டிய சந்தா. சென்னை வெயிலில் ஆடி வளர்ந்து இந்திய அணி வரை போன அபினவ் முகுந்த், சின்ன வயதிலிருந்து தன் நிறத்தைப் பற்றிக் கேட்ட பேச்சுகளைப் பொதுவில் எழுதியது 2017-ல்தான். முன்னாள் இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் எல். சிவராமகிருஷ்ணன் தன் வாழ்நாள் முழுக்க நிறத்தால் ஒதுக்கப்பட்டதாகச் சொன்னது 2021-ல். அவர் டெஸ்ட் ஆடத் தொடங்கியது 1983-ல். அவர்களுக்கே இத்தனை வருடம் ஆகிறது என்றால், எங்கள் கீப்பர் ட்ரிங்க்ஸ் இடைவேளையில் எழுந்து நின்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தது எங்கள் வசதிக்காகத்தான்.

சிரிப்பவருக்குப் பொருளே தெரியாமலும் இருக்கலாம். மேற்கிந்தியத் தீவுகளின் டேரன் சாமி, ஐ.பி.எல். ஆடியபோது தன்னை 'காலு' என்று கூப்பிட்டதை ஏதோ வலிமையான குதிரை என்று நினைத்திருந்ததாகவும், அது நிறத்தைக் குறிப்பது என்று பிறகுதான் தெரிந்ததாகவும் 2020-ல் சொன்னார். இப்போது நம் மைதானங்களுக்கு வேலை நேரம் போக ஆட வரும் வடமாநிலப் பையன்களிடம் தமிழில் எதையாவது சொல்லிவிட்டு, அவன் விழிப்பதைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அதுவும் இதே கதைதான்.

அடுத்தது, "ஆட்டத்துல அப்படித்தான் சொல்லுவாங்க." ஆட்டத்தின் சொற்களும் மாறிக்கொண்டுதான் வந்திருக்கின்றன. இடது கை மணிக்கட்டுச் சுழலை 'சைனாமேன்' என்று சொன்ன காலம் உண்டு. 1933-ல் மான்செஸ்டர் டெஸ்டில் எல்லிஸ் அச்சோங் என்ற சீன வம்சாவளி மேற்கிந்திய வீரரிடம் அவுட்டான இங்கிலாந்துக்காரர் எரிச்சலில் சொன்னதிலிருந்து வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். குல்தீப் யாதவ் 2017-ல் தர்மசாலாவில் முதல் டெஸ்ட் ஆடியபோதும் அந்தப் பெயர்தான் அடிபட்டது. கிரிக்கெட்டின் பழைய ஆண்டுப் புத்தகமான விஸ்டன் தன் 2018 பதிப்பில் அதைக் கைவிட்டது. அதனால் ஒரு பந்தாவது திரும்பாமல் போனதா?

நம்மிடமும் ஒன்று இருக்கிறது. ஆள் கூடுதலாக வந்துவிட்டால், இரண்டு பக்கமும் ஃபீல்டிங் நின்று, கணக்கில் சேராமல் ஆடும் சின்னப் பையன் யார்? 'ஒப்புக்குச் சப்பாணி.' சென்னையில் அது மருவி 'உப்புக்குச் சப்பாணி'யாகிவிட்டது. உப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் பத்து வயது வரை யோசித்திருக்கிறேன். சப்பாணி என்றால் என்ன என்று யோசிக்கவில்லை. கால் நடக்க முடியாதவர், ஆகவே கணக்கில் வராதவர். இரண்டே சொல்லில் ஒரு தீர்ப்பு. பாண்டி ஆட்டத்தில் நொண்டி அடிக்கிறோமே, அது தப்பா என்று கேட்பார்கள். அது ஒற்றைக்காலில் தாவும் செயல், யாரையும் கீழே இறக்கவில்லை. அந்தக் கூடுதல் பையனை 'காமன்' என்று சொல்லும் தெருக்கள் இருக்கின்றன. ஆட்டம் நன்றாகவே நடக்கிறது.

மூன்றாவது சமாதானத்தின் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு: "மெட்ராஸ்ல இதெல்லாம் சகஜம்பா." மெட்ராஸ் பாஷை மேல் வீண்பழி. பேமானி என்றால் நேர்மையில்லாதவன். பாரசீக வழியாக வந்து நம் ஊரில் குடியேறிய சொல். பேட்டில் பட்டது பிட்ச் முழுக்கக் கேட்டும் "படலையே" என்று நிற்பவன் அந்தப் பட்டத்தை உழைத்துச் சம்பாதிக்கிறான். டொக்கு வைக்கிறவன், கட்டை போடுகிறவன், மாங்கா எறிகிறவன் என்று ஆட்டத்தைக் கிண்டல் செய்யவும் எத்தனை சொற்கள்! எல்லாம் அன்றைய ஆட்டத்தோடு முடிந்துவிடும். அடுத்த வாரம் சிக்ஸர் அடித்தால் டொக்கு போய்விடும். நிறமும், காலும், பிறந்த தெருவும் எந்த சிக்ஸருக்கும் போகாது.

தெரு என்றதும் நினைவுக்கு வருகிறது, 'காலனி டீம்'. கே.கே. நகர் ஹவுசிங் போர்டு காலனிப் பையன்களை யாரும் அந்தக் குரலில் சொல்வதில்லை. எந்தக் காலனி, எந்தக் குரல் என்பது சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் தெரியும். ஏப்ரல் 2025-ல் அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 'சண்டாளா' என்பதும் இதே வகைதான். கேட்ச் விட்டவனை அப்படித் திட்டுபவருக்கு அது ஒரு சாதியின் பெயர் என்பதே தெரிவதில்லை. 9-ஆம் நம்பர் ஜெர்சி எந்த டீமிலும் கடைசி வரை ஏன் மிஞ்சுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. திருநங்கைகளுக்கு நல வாரியம் 2008-லேயே வந்த மாநிலம் இது. நாம் இன்னும் ஒரு எண்ணைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

சட்டமும் இருக்கிறது. சாதியைச் சொல்லி பொது இடத்தில் இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். மாற்றுத்திறனாளியைப் பொதுவில் வேண்டுமென்றே அவமதித்தால் 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவு, 6 மாதத்திலிருந்து 5 ஆண்டு வரை சிறை. ஆனால் போலீஸ் வரை போகும் நிலை வந்தபின் அது டீமாகவா இருக்கும்?

திருத்தப் போகிறவர்கள் செய்யும் தவறுகளும் குறைவில்லை, நானே செய்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று இரவு குரூப்பில் நீளமாக ஒரு மன்னிப்புப் போட்டேன். பதினேழு பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தவர், "பரவால்ல ப்ரோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று எங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. இன்னொரு டீமில் பாதிக்கப்பட்டவரையே நடுவில் நிறுத்தி "உனக்கு ஹர்ட் ஆச்சா?" என்று ஓட்டெடுத்தார்களாம். சொல்லை மட்டும் மாற்றுவதும் உதவாது. பந்தைத் தவறவிட்டவனைப் பார்த்து "டேய் மாற்றுத்திறனாளி" என்று ஒருவன் கத்தியதை என் காதால் கேட்டேன். மரியாதைக்காக வந்த சொல்லை ஒரே ஓவரில் வசவாக்கிவிட்டான்.

ஓரளவு பலித்தவை சின்ன வேலைகள்தான். ஸ்கோர் நோட்டில் பெயரை எழுதினோம். பட்டம் சொல்வதைக் கேப்டன்தான் முதலில் நிறுத்தினார். யாராவது பழக்கத்தில் சொன்னால், டீக்கடையில் தனியாகப் பிடித்து ஒரு வரி, அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்துக் கீப்பர் திரும்பி வந்தார். எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டோம். "பேரு இருக்குல்ல. நீளமா இருந்தா கீப்பர்னு சொல்லுங்க" என்றார். ஓப்பனருக்கு மட்டும் நாக்கு பழையபடியே கிளம்பும், 'க' வந்ததும் பிரேக் போட்டு, "க... க... கீப்பர், த்ரோ!" என்பான். இப்போது பாதி டீம் அவரை 'ககீப்பர்' என்றே கூப்பிடுகிறது. ஜெர்சியில் அப்படி அச்சடிக்கச் சொன்னது அவர்தான். நம்பர் 9.